‘ஃப்ரீடம் சூட்’: ‘விடுதலை வழக்கு’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

அமெரிக்காவில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்கள், தாம் அடிமை அல்லர் என நிறுவத் தொடுத்த ‘ஃப்ரீடம் சூட்’டுக்குத் தமிழ்ச் சொல்லாக நம் நண்பர் ஒருவர் தந்த ‘விடுதலை வழக்கு’ எனக்கு உறுத்துகிறது. நம் நாளிதழ்களில் வழக்கும் விடுதலையும் சேர்ந்து வந்தால், குற்றம் சாட்டப்பட்டவர் வெளியே வந்தார் என்றே பொருள். ‘மீட்பு வழக்கு’ அதைவிட மோசம். நிலத்தையும் நகையையும் மீட்பதுபோல மனிதரை மறுபடியும் உடைமையாக்குகிறது.

அந்த மனுக்களின் அமைப்பைப் பாருங்கள். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தின் 1824ஆம் ஆண்டுச் சட்டப்படி, அடிமையாக வைக்கப்பட்டவர் அனுமதி பெற்று, வறியவர் என்ற முறையில் வழக்குத் தொடுக்கலாம். வழக்கறிஞரை நீதிமன்றமே அமர்த்தும். வழக்கின் வடிவமோ அடிதடியும் சட்டவிரோதக் காவலும்! ‘நான் சுதந்திரமானவள், இவர் என்னை அடித்தார், அடைத்து வைத்தார்’ என்பாள் வாதி. ‘அவள் என் அடிமை, அதனால் அது குற்றமன்று’ என்பார் பிரதிவாதி. இதில் விடுவிக்கும்படி மன்றாடல் எங்கே இருக்கிறது? 1781இல் மாசசூசெட்ஸில், அடிமையாக வைக்கப்பட்டிருந்து, பின்னாளில் எலிசபெத் ஃப்ரீமன் எனப் பெயர் பூண்ட பெட் என்ற பெண் இத்தகைய வழக்கில் வென்றபோது, ஜூரி 30 ஷில்லிங் இழப்பீடும் விதித்தது.

எனவே ‘அடிமையன்மை வழக்கு’ என்கிறேன். இன்மை, அன்மை, மறுதலை என்று இலக்கண வகுப்பில் படித்தோமே, அந்த அன்மை. ‘அடிமையின்மை’ என்றால் அடிமை முறையே இல்லாத நிலை. ‘அடிமையன்மை’ என்றால் இவர் அடிமை அல்லர் என்பது. ஜூரி முடிவு செய்ய வேண்டியிருந்ததும் அதைத்தான்.

*

ஐயா, வாதம் சரி, சொல் கடினம். மாணவர்கள் ‘அடிமைத்தன்மை’ என்று படித்துவிடுவார்கள். ‘விடுதலை’ என்றால் யாருக்கும் உடனே விளங்கும்.

*

அம்மா, விளங்கும், ஆனால் தவறாக விளங்கும். அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த டிரெட் ஸ்காட்டும் அவர் மனைவி ஹாரியட்டும் 1846இல் மிசௌரியின் செயின்ட் லூயிஸில் இத்தகைய வழக்குத் தொடுத்தார்கள். 1850இல் ஜூரி அவர்கள் பக்கம் நின்றது. 1852இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. ‘கிடைத்த விடுதலை பறிபோனது’ என்று எழுதினால், அதற்குமுன் அவர்கள் முறைப்படி அடிமைகளாக இருந்தார்கள் என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். அடிமைத்தனத்துக்கு இடமில்லாத மண்ணில் வாழ்ந்தபோதே சுதந்திரமானவர்களாகிவிட்டோம் என்பதல்லவா அவர்கள் வழக்கு!

உங்கள் அச்சத்தையும் தள்ளவில்லை. சொல் முதலில் வரும் இடத்தில் ‘தாம் அடிமை அல்லர் என நிறுவும் அடிமையன்மை வழக்கு’ என்று விரித்து எழுதுவோம். உரிமையாளர் தாமாகப் பத்திரம் எழுதி அடிமையை விட்டுவிடுவதற்கு ‘விடுவிப்பு’ இருக்கட்டும். இரண்டையும் கலக்க வேண்டாம்.