முன்னாள் இராணுவ வீரரான அத்தானுக்குப் பிள்ளை வளர்ப்பில் ஆலோசனை வேண்டும்

வணக்கம் உறவுகளே, தியத்தலாவையிலிருந்து எழுதுகிறேன். அக்காவின் கணவர் சிங்களவர், இராணுவத்தில் இருந்தவர், 2009இல் வன்னியில் காயப்பட்டவர். பிள்ளை என்றால் அவருக்கு உயிர். ஆனால் திடீர்ச் சத்தம் ஆகாது. தரம் 2 படிக்கும் மகன் கையிலிருந்து தட்டு நழுவினால் போதும், கத்திவிடுவார். அப்புறம் பின்வாசலில் போய்த் தனியே உட்கார்ந்துகொள்வார். மகன் இப்போது தட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறான். தீபாவளி வெடியை நினைத்தாலே அக்காவுக்குப் பயம்.

அமெரிக்காவில் முன்னாள் படையினருக்கென்றே பிள்ளை வளர்ப்புப் பாடநெறி ஒன்றை அரசாங்கம் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. கோபத்தையும் மனஅழுத்தத்தையும் சமாளிப்பது, பிள்ளையை அன்பாகத் திருத்துவது எல்லாம் அதில் உண்டு. ஆனால் ஆங்கிலம். அத்தானுக்குச் சிங்களமும் கொஞ்சம் தமிழும்தான்.

இந்த மாதிரி விஷயத்தைச் சிங்களத்திலோ தமிழிலோ ஸூமில் பேசக்கூடிய ஆலோசகர் யாரையாவது தெரியுமா? 1926 மனநல உதவி இலக்கம் தெரியும். எங்களுக்கு வேண்டியது மாதக்கணக்கில் கூடவே வரக்கூடிய ஒருவர். பதுளை, பண்டாரவளைப் பக்கம் என்றால் நேரிலும் கூட்டிப் போவோம். இரவு 8 மணிக்குப் பிறகு வசதி.

தெரிந்தவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள். “ஆமிக்காரருக்கு இதெல்லாம் பழகியிருக்குமே” என்று மட்டும் தயவுசெய்து எழுத வேண்டாம், அக்காவும் இதை வாசிப்பார்.