புதுப்பிப்பு: மெரினா மரப்பாதை, சக்கர நாற்காலிக்கு எது தடை?

முந்தைய இழையில், கடற்கரைக்குச் சாய்தளம் போட்டாலே போதும் என்று எழுதியிருந்தோம். போதாது. திருத்திக்கொள்கிறோம்.

மெரினாவில் 2022 நவம்பரில் திறந்த மரப்பாதை 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே தாராளமாகக் கடக்கலாம். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து கடல் பக்க முனையைச் சேதப்படுத்தியது. பிறகு சரிசெய்தார்கள். அலை எட்டும் இடத்தில் அடிமணல் அரித்துப்போனால் தாங்குகட்டை அந்தரத்தில் நிற்கும், பலகை விலகும். அதனால் கடைசிப் பகுதியை மட்டுமாவது கழற்றி எடுக்கிற மாதிரிச் செய்வதே புத்திசாலித்தனம்.

புயலைவிடத் தினசரித் தொல்லை மணல்தான். விரல்கடை அளவு படிந்தாலே முன்சக்கரம் புதையும்; காலையும் மாலையும் பெருக்க ஆள் வேண்டும். பலகைகள் போகும் திசைக்குக் குறுக்காக இருக்கட்டும், இடைவெளி 12 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. சரிவு 1:12-க்கு மேல் (12 அடி நீளத்துக்கு 1 அடி உயரம்) செங்குத்தானால் துணை இல்லாமல் ஏறுவது பலருக்குக் கடினம்.

திருகாணி துருப்பிடிக்காத எஃகா என்று ஒப்பந்தத்திலேயே பாருங்கள். உப்புக்காற்றில் சாதா ஆணி சீக்கிரமே தலைதூக்கும், டயர் கிழியும்.