மான் வேட்டை சீசனுக்கு இடம் வேண்டும்: 'கண்மாய்க்கரை வீடு' குடும்பக் குழு

வியாழன் இரவு, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில நேரம்

குமார் (8:41): அத்தான், இருக்கிறீர்களா? மூன்று வருஷமாக நான் மான் வேட்டைக்குப் போய்க்கொண்டிருந்த பண்ணை கை மாறிவிட்டது. பெரியவர் செப்டம்பரில் தவறினார் இல்லையா, மகன் விற்றுவிட்டார். இன்று வேலை முடிந்து அந்த வழியாக வந்தேன், ஓரத்து மரமெல்லாம் ஊதா பெயிண்ட். சீசன் தொடங்க 16 நாள்தான் இருக்கிறது. எனக்கு இடம் இல்லை.

தேன்மொழி (8:43): ஐயோ, போன வருஷம் நமக்குப் பூசணிக்காய் கொடுத்தாரே அந்தத் தாத்தாவா

குமார் (8:43): அவரேதான்

கலா (8:44): நல்ல மனுஷன். அந்தம்மாவைப் போய்ப் பார்த்தாயா?

குமார் (8:44): அப்போதே போனேன் அக்கா. இப்போது மகள் வீட்டில் இருக்கிறார்களாம்.

செல்வம் அத்தான் (8:52): மாப்பிள்ளை, முதலில் ஒன்று. ஊதா பெயிண்ட் இருந்தால் உள்ளே கால் வைக்காதே, பழைய பழக்கம் எல்லாம் செல்லாது. 2020 ஜனவரியிலிருந்து நம் மாநிலத்தில் அந்தக் கோடு 'உள்ளே வராதே' பலகைக்குச் சமம். 8 அங்குல நீளம், 1 அங்குல அகலம், தரையிலிருந்து 3 முதல் 5 அடி உயரத்தில் நெட்டுக்குத்தாக இருக்கும், அடுத்த கோடு 100 அடிக்குள். புது முதலாளியைத் தேடிப் போய்க் கேட்கலாம், தப்பில்லை. ஆனால் வாங்கிய கையோடு பெயிண்ட் அடித்தவர் இந்த வருஷம் விடுவார் என்று எனக்குத் தோன்றவில்லை. அதனால் பொது நிலம் பார்ப்போம். போனில் வேட்டை மேப் ஆப் வைத்திருக்கிறாய்தானே?

குமார் (8:53): இருக்கிறது. காற்று பார்க்க மட்டும்தான் திறப்பேன். பெரியவர் காட்டிய மரத்தில்தான் எப்போதும் உட்கார்ந்தேன்

பிரியா (8:54): அப்போது இந்த வருஷம் லீவுக்கு எங்காவது போகலாமா?

அம்மா (8:55): இங்கே காலை ஏழரை, காப்பியோடு படிக்கிறேன். அடுத்த வாரம் கார்த்திகை பிறக்கிறது, உன் அப்பா மாலை போடப் போகிறார். நீ அங்கே மானைச் சுடப் போகிறாயா குமாரு

குமார் (8:57): அம்மா, இங்கே துப்பாக்கி மான் சீசன் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த சனிக்கிழமைதான் தொடங்கும், நான் தேதி குறிக்கவில்லை. போன வருஷம் இரண்டாவது மானை முழுசாகச் சாப்பாடு இல்லாதவர்களுக்குக் கொடுத்தேன். இங்கே அதற்கென்றே ஓர் அமைப்பு 1991 முதல் நடக்கிறது.

அம்மா (8:58): அது புண்ணியம்தான். ஆனாலும் கார்த்திகை

செல்வம் அத்தான் (9:06): அத்தை, அதைத் தனியாகப் பேசுவோம். மாப்பிள்ளை, ஆப்பைத் திற. உன் வீட்டுக்கு வடக்கே வரிசையாக மலை தெரியும் பார். ஸ்டோனி வேலி, ஸ்டேட் கேம் லேண்ட்ஸ் 211, மாநில அரசின் பொது வேட்டை நிலம். அது மட்டும் 40,000 ஏக்கருக்கு மேல். மாநிலம் முழுக்க இப்படி 15 லட்சம் ஏக்கர் கேம் லேண்ட்ஸ் இருக்கிறது, லைசென்ஸ் இருந்தால் போதும். பள்ளத்தாக்கு நடுவே பழைய ரயில் பாதை போகிறது, தண்டவாளம் எடுத்துப் பல காலமாகிவிட்டது, இப்போது நடைபாதை. எல்லோரும் கேட்டில் காரை நிறுத்திவிட்டு அந்தப் பாதையிலேயே நடப்பார்கள், கொஞ்ச தூரத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். நீ கார் நிறுத்தும் இடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி வை, அப்புறம் அதைச் சுற்றி ஒரு மைலுக்கு வட்டம் போடு. எந்த வட்டத்திலும் படாத இடம் எது என்று பார். அடுத்தது உயரக் கோடுகள். நெருக்கமாக இருந்தால் செங்குத்து, அங்கே மானும் ஏறாது நீயும் ஏற மாட்டாய். சரிவின் நடுவில் கோடுகள் சட்டென்று விலகி இருந்தால் அது திண்ணை மாதிரி சமதளம், மான் அதில்தான் குறுக்கே நடக்கும். இரண்டு முகடுகளுக்கு நடுவே தாழ்ந்த இடம் இருந்தால் அதையும் குறி. பிறகு சாட்டிலைட் படத்தை மாற்று. குளிர்காலப் படத்தில் இலை உதிர்ந்த ஓக் சாம்பல் நிறமாகத் தெரியும், பைன், ஹெம்லாக் மாதிரி ஊசியிலை மரங்கள் கறுத்த பச்சை. ஓக் கொட்டை சாப்பாடு, அந்தக் கறுத்த பச்சை மான் படுக்கும் இடம். இரண்டும் சேரும் ஓரத்தில்தான் உன் மான்.

தேன்மொழி (9:07): கல்லூரியில் பாடம் எடுக்கப் போயிருக்கலாம் அத்தான்

குமார் (9:09): வட்டம் போடுகிறேன்

பெரியப்பா (9:10): வணக்கம். இப்போதுதான் பார்த்தேன். போனில் நிலத்தின் எல்லையும் முதலாளி பெயரும் வருமா?

குமார் (9:11): இங்கே வரும் பெரியப்பா, தனியார் நிலத்தைத் தொட்டால் பெயர் வரும்

பெரியப்பா (9:13): நம் ஊருக்கும் பட்டா, புலப்படம் எல்லாம் போனிலேயே எடுக்கலாம் என்று தபால்காரர் சொன்னார். மேட்டுக்காட்டு வரப்பு எங்கே போகிறது என்று குமார் பார்த்துச் சொல்லட்டும். தெற்கு மூலைக் கல் அப்பா காலத்தில் புளியமரத்துக்கு மேற்கே இருந்தது.

சித்தப்பா (9:14): அண்ணே, அந்தக் கல்லை நான் தொடவில்லை என்று எத்தனை தடவைதான் சொல்வது

பெரியப்பா (9:14): நீ தொட்டாய் என்று நான் சொன்னேனா

கலா (9:15): காலையிலேயே வேண்டாமே

செல்வம் அத்தான் (9:19): பெரியப்பா, எல்லைக்குப் போனை மட்டும் நம்ப முடியாது. இங்கே ஆப் காட்டும் கோடு வரிப் பதிவேட்டிலிருந்து எடுத்து வரைந்தது, யாரும் சங்கிலி பிடித்து அளந்து போட்டதில்லை. மரத்தடியில் நின்றால் போனே சில மீட்டர் தள்ளிக் காட்டும். தரையில் கல் எங்கே, பெயிண்ட் எங்கே என்பதுதான் பேச்சு. மேட்டுக்காட்டுக்கு சர்வேயரை வைத்துத்தான் அளக்க வேண்டும், இருவரும் கூட நின்று.

சித்தப்பா (9:20): நான் தயார்

பெரியப்பா (9:24): பொங்கலுக்குப் பிறகு பார்க்கலாம்

குமார் (9:26): அத்தான் ஒரு சந்தேகம். மேப்பில் ஒரு இடத்தில் இரண்டு பொது நிலத் துண்டுகள் மூலையில் மட்டும் தொட்டுக்கொள்கின்றன, மற்ற இரண்டு பக்கமும் தனியார். மூலையைத் தாண்டிப் போகலாம் என்று கோர்ட்டே சொல்லிவிட்டதாக ஆபீஸில் ஒருவன் சொன்னான்

செல்வம் அத்தான் (9:33): அது வயோமிங் மாநிலத்து வழக்கு. அங்கே ரயில் கம்பெனிக்கு நிலம் கொடுத்த காலத்திலிருந்து பொது, தனியார், பொது, தனியார் என்று சதுரங்கக் கட்டம் மாதிரி கிடக்கிறது. 2021-இல் மிசூரிக்காரர்கள் நான்கு பேர் ஆன்எக்ஸ் என்ற வேட்டை மேப் ஆப்பில் மூலையைக் கண்டுபிடித்து, ஏணி வைத்து, தனியார் மண்ணை மிதிக்காமலே ஒரு பொதுக் கட்டத்திலிருந்து அடுத்ததற்குத் தாண்டினார்கள். நிலக்காரர் பல லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். 2025 மார்ச்சில் அப்பீல் கோர்ட் வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது, அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் அதை எடுக்க மறுத்துவிட்டது. ஆனால் அந்தத் தீர்ப்பு அந்த அப்பீல் கோர்ட்டின் கீழ் வரும் ஆறு மேற்கு மாநிலங்களுக்குத்தான். பென்சில்வேனியா அதில் இல்லை. நீ மூலையைத் தாண்டாதே, சுற்றிப் போ.

குமார் (9:34): சரி அத்தான்

செல்வம் அத்தான் (9:41): மேப்பைக் கட்டாயம் போனில் இறக்கி வைத்துக்கொள். அந்தப் பள்ளத்தாக்கில் சிக்னல் நிற்காது. இரண்டு வருஷத்துக்கு முன் நான் இறக்காமல் போனேன், முழுக்க என் தப்பு. இருட்டுகிற நேரம், திரை வெறும் சாம்பல் கட்டமாக நிற்கிறது, நடுவில் நீலப் புள்ளி மட்டும். குளிரில் பேட்டரி 4 சதவீதம். முகட்டின் தப்பான பக்கம் இறங்கிவிட்டேன். ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்தில் போய் நிற்கிறேன், ஆரஞ்சு சட்டை, கையில் துப்பாக்கி. நாய் குரைத்தது, ஓர் அம்மா கதவைத் திறந்தார். தோட்டாக்களை எடுத்துவிட்டுத் துப்பாக்கியைக் கீழே வைத்து, கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டேன். அவர் காரில் ஏற்றி என் காரிடம் கொண்டுவந்து விட்டார். வீட்டுக்காரர் அனுமதி இல்லாமல் வீட்டிலிருந்து 150 கஜத்துக்குள் துப்பாக்கி வேட்டையே கூடாது, நான் 20 அடியில் நின்றேன். இன்னும் நினைத்தால் உடம்பு கூசுகிறது.

கலா (9:42): என்னது

கலா (9:42): அன்றைக்கு டயர் பஞ்சர் என்று சொன்னீர்கள்

செல்வம் அத்தான் (9:44): சொல்லத் தைரியம் வரவில்லை கலா. தப்புதான்.

தேன்மொழி (9:45): 🙈

பிரியா (9:46): குமார், நீ இறக்கினாயா

குமார் (9:46): இறங்கிக்கொண்டிருக்கிறது

பெரியப்பா (9:51): உங்கள் தாத்தாவிடம் லைசென்ஸ் துப்பாக்கி ஒன்று இருந்தது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீதை மடியில் முடிந்து வருவார். எனக்குப் பத்து வயது, முயலுக்குப் போகும்போது கூட்டிப் போவார். கரம்பையில் குனிந்து புழுக்கையை விரலால் நசுக்கிப் பார்ப்பார். ஈரமாக இருந்தால் விடியலில் வந்தது, பொடிந்தால் பழசு. காற்றுக்கு ஒரு பிடி புழுதியை எடுத்து உதிர்ப்பார், அது எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாகத்தான் நடப்பார். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, துப்பாக்கியை ஒப்படைத்தார், திரும்ப வாங்கவே இல்லை.

சித்தப்பா (9:52): அப்பாவின் அந்தக் காக்கிப் பை இன்னும் என்னிடம் இருக்கிறது

பெரியப்பா (9:53): பத்திரமாக வை

செல்வம் அத்தான் (9:58): தாத்தா செய்ததைத்தான் மாப்பிள்ளை நீயும் செய்ய வேண்டும். மேப்பில் பத்துப் புள்ளி வை, நேரில் போனால் ஏழு வீணாகும். புழுக்கை, குளம்படி, ஆண் மான் கொம்பை உரசிப் பட்டை உரித்த மரம், ஓக் கொட்டை இந்த வருஷம் விழுந்திருக்கிறதா, இதெல்லாம் படத்தில் வராது. இன்னொன்று, ஆப் காட்டும் காற்று ஊர்க் காற்று. மலையில் விடியற்காலை குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும், வெயில் ஏறினால் மேலே போகும். காலையில் மான் மேலே படுக்கப் போகும், நீ எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று யோசித்துக்கொள். நாளன்றைக்கு சனிக்கிழமை வருகிறேன், சேர்ந்து நடப்போம்.

பிரியா (9:59): சனிக்கிழமை பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளி விழா. குமார்தான் ஸ்பீக்கர் கொண்டு போக வேண்டும்

குமார் (10:00): மதியத்துக்கு மேல்?

செல்வம் அத்தான் (10:01): ஐந்து மணிக்கு முன்னாலேயே இருட்டத் தொடங்கிவிடும். ஞாயிறு?

கலா (10:01): ஞாயிறு எங்கள் வீட்டில் விருந்தாளிகள். மறந்துவிட்டதா?

செல்வம் அத்தான் (10:02): 🙏

தேன்மொழி (10:04): எந்த நாளாக இருந்தாலும் சும்மா பார்க்கத்தானே போகிறோம் என்று கறுப்பு ஜாக்கெட்டில் போய்விடாதீர்கள்

செல்வம் அத்தான் (10:06): நல்லதைச் சொன்னாய் பாப்பா. நவம்பர் 15 முதல் டிசம்பர் 15 வரை கேம் லேண்ட்ஸுக்குள் வேட்டையாடாதவர்களும் ஆரஞ்சு போட வேண்டும். தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம்.

அம்மா (10:08): ஆரஞ்சு சட்டை போட்டால் மான் ஓடிவிடாதா

குமார் (10:08): மானுக்கு ஆரஞ்சு தனியாகத் தெரியாது அம்மா, மனுஷனுக்குத்தான் தெரியும்

அம்மா (10:09): அப்படியானால் நன்றாகப் போட்டுக்கொள்

பெரியப்பா (10:11): தம்பி, அந்தச் சர்வே நம்பர் உன்னிடம் இருக்கிறதா?

சித்தப்பா (10:12): பெட்டியில் தேட வேண்டும் அண்ணே

குமார் (10:15): வட்டத்தில் படாத இடம் நான்கு கிடைத்தது அத்தான். இரண்டு திண்ணை மாதிரிதான் தெரிகிறது. படம் அனுப்புகிறேன். மேப் 62 சதவீதம் இறங்கியிருக்கிறது.

பிரியா (10:16): சனியா ஞாயிறா என்று யாரும் சொல்லவில்லை