கன்னியாகுமரி மாவட்டத்துல பனச்சமூடு பக்கம் ஆறு ஆடு விலைக்கு வருது, பூர்வீகம் சரியாத் தெரியல. வாங்கலாமா?

அருமனைக்காரி:

அண்ணன்மாரே, அக்காமாரே, ஒரு காரியத்துல உங்க யோசனை வேணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிவு சொல்லணும்னு விக்கிற ஆளு நிக்காரு.

எங்க வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டப் போறவரு. இடவப்பாதி மழை (ஜூன் மாசப் பருவமழை) தொடங்கினா வெட்டு நிக்கும், கையில காசும் நிக்கும். அந்த மாசங்கள்ல வீட்டை நடத்துறது ஆடுதான். இப்ப நாலு உருப்படி உண்டு. வெள்ளச்சி, அவளுக்க ரெண்டு பெட்டைக்குட்டி (ஏழு மாசம் ஆகுது), அப்புறம் எனக்க மாமியார் வளர்த்த வழியில வந்த கறுப்பி. கறுப்பி இப்ப நாலு மாசச் சினை. 2017-ல ஒக்கிப் புயல் அடிச்சப்போ மரம் சாஞ்சு பழைய கூடு நொறுங்கிப் போச்சு. அன்னைக்கு ராத்திரி கறுப்பிக்க அம்மையை அடுக்களையில கட்டிப் போட்டுத்தான் காப்பாத்தினோம். அதனால இதுகளை வெறும் ஆடுன்னு என்னால நினைக்க முடியாது.

இப்ப விலைக்கு வந்திருக்கிறது ஆறு. நாலு பெட்டை, ஒரு கிடா, பால்குடி மறக்காத ஒரு குட்டி. மொத்தமா 36,000 சொல்றாரு. எங்க பக்கம் நல்ல ஒரு தள்ளை (தாய்) ஆட்டுக்கே பத்தாயிரத்துக்கு மேல கேக்குறாங்க. மகளிர் குழுவுல எனக்கு 40,000 கடன் பாஸாகியிருக்கு. கணக்குப் பார்த்தா கை நீட்டி வாங்கிடலாம்னு தோணுது. ஆனா புதன்கிழமை சாயங்காலம் போய்ப் பார்த்ததுல இருந்து மனசு ஒரு நிலையில இல்ல.

முதல்ல போன்ல பேசும்போது "எல்லாம் எங்க வீட்டுல பிறந்தது"ன்னாரு. நேர்ல போனா, மூணு மேலப்பாளையம் சந்தையில வாங்கினதுன்னு பறைஞ்சாரு. இன்னும் கொஞ்ச நேரம் பேசினப்போ ஒரு பெட்டை யாரோ சொந்தக்காரர் குடுத்ததா ஆயிடுச்சு. ஊசி போட்டியளான்னு கேட்டேன், "எல்லாம் போட்டாச்சு"ன்னாரு. என்ன ஊசி, எப்போன்னு கேட்டதுக்குப் பதில் இல்ல. ஒரு ஆட்டுக்குக் காது கிழிஞ்சு தொங்குது, எண் போட்ட காதுவில்லை இருந்த இடம் மாதிரி.

நான் கண்ணால கண்டது இவ்வளவு. வயிறு எல்லாத்துக்கும் நல்லா நிறைஞ்சிருந்தது. பெரிய பெட்டைக்குத் தாடைக்குக் கீழே பை மாதிரி மெத்துன்னு வீக்கம். இன்னொண்ணுக்குக் காதடியில நெல்லிக்காய் அளவு கட்டி, தொட்டா கல்லு மாதிரி இருக்கு. குட்டிக்கு வால்பக்கம் மயிர் ஒட்டிப்போய்க் கிடக்குது. ரெண்டு பெட்டை மூணு மாசச் சினைன்னு சொன்னாரு. "போன ஈத்துல ஒண்ணு குட்டி வீசிட்டு (கரு கலைஞ்சு போச்சு), அது ஏதோ முட்டினதுல"ன்னு அவரே வாய் தவறிச் சொல்லிட்டாரு.

எனக்குப் பயம் எதுக்குன்னா, நாலு வருஷத்துக்கு முன்ன சந்தையில இருந்து ஒரே ஒரு குட்டி வாங்கிட்டு வந்து அன்னைக்கே கூட்டுல விட்டேன். பத்து நாளுல மூக்கு ஒழுகல், வாய்ப்புண்ணு, தண்ணியாக் கழிச்சல். வாங்கின குட்டி பிழைச்சது, எங்க வீட்டுல பிறந்த மூணு போச்சு. மூணையும் விளையோட (தோட்டத்தோட) மூலையில நான்தான் குழி வெட்டிப் புதைச்சேன். பிறகு வந்த முகாமுல வெள்ளச்சிக்கும் கறுப்பிக்கும் ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி போட்டோம். குட்டிகளுக்கு இன்னும் போடல.

வாங்கட்டா, விடட்டா? வாங்கினா எதையெல்லாம் பார்த்து வாங்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கருங்கல் ஆட்டுக்கூடு:

மக்களே, நீங்க போன நேரமே சரியில்ல. ஆடு பாக்கப் போறவங்க சாயங்காலம் போகக் கூடாது. விக்கிறவங்க உப்புப் போட்ட கஞ்சித்தண்ணியைக் குடிக்க வச்சு வயித்தை நிரப்பி நிறுத்துவாங்க. எடையும் கூடும், பார்வைக்கும் கொழுகொழுன்னு இருக்கும். விடியக்காலம், கூடு திறக்குறதுக்கு முன்னால, சொல்லாம கொள்ளாமப் போய் நில்லுங்க. ராத்திரி போட்ட புழுக்கை கூட்டுக்கடியில அப்படியே கிடக்கும். உருண்டை உருண்டையா, காஞ்சு கிடந்தா நல்லது. மாட்டுச்சாணி மாதிரி அப்பிக் கிடந்தா எந்த ஆடு போட்டதுன்னு பார்க்காம விலை பேசாதீங்க.

கையோட ஒரு கட்டு பிலாவிலை (பலா இலை) கொண்டு போங்க. பிலாவிலைக்கு ஓடி வராத ஆடு நம்ம நாட்டுல இல்ல. ஓரமா நின்னு தலையைத் தொங்கப் போடுறது எதுன்னு அப்பவே தெரிஞ்சிடும். தின்னு முடிச்சு அசை போடுதான்னு அரைமணி நேரம் உக்காந்து பாருங்க. விக்கிறவருக்கு அவசரமா இருந்தா அது அவருக்க பாடு.

பல்லைப் பாருங்க. கீழ்த்தாடையில மட்டும்தான் முன்பல் உண்டு, எட்டு. எல்லாம் சின்னப் பால்பல்லா இருந்தா வயசு ஒண்ணுக்குள்ள. நடுவுல ரெண்டு பெரிய பல் முளைச்சிருந்தா ஒண்ணேகால், ஒண்ணரை. நாலுன்னா ரெண்டு வயசு வாக்குல. எட்டும் முளைச்சு இடைவெளி விழுந்து தேய்ஞ்சிருந்தா அது கிழடு. "ரெண்டாம் ஈத்து"ன்னு அவர் சொல்லுறது பல்லுல தெரிஞ்சுபோகும். மடியை ரெண்டு கையாலயும் தடவிப் பாருங்க. ஒரு பக்கம் கல்லிச்சு இருந்தா அந்தக் காம்புல பால் எதிர்பார்க்க வேண்டாம், குட்டிக்குப் பாதி வயிறுதான்.

சினைக்குன்னு தனியா ஒரு ரூபா குடுக்காதீங்க. ஆட்டுக்குச் சினை 150 நாள். மூணு மாசத்துல வயித்தைப் பார்த்து யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது.

ஆரல்வாய்மொழி விவசாயி:

அக்கா, எல்லாரும் நோயைத்தான் சொல்லுவாங்க, நான் மண்ணைச் சொல்லுதேன். மேலப்பாளையம் சந்தைக்கு வர்ற ஆடு பெரும்பாலும் தூத்துக்குடி, விருதுநகர், திருநெல்வேலிப் பக்கத்துக் காஞ்ச பூமியில மேஞ்சது. கன்னி, கொடி எல்லாம் வெயிலுக்குப் பிறந்த சாதி. எங்க ஊருக்காவது காத்து உண்டு, மழை குறைவு, இங்க நிக்கும். உங்க பக்கம் ரெண்டு மழையும் பெய்யும், ரப்பர் நிழலுல தரை காயவே காயாது. எங்க சித்தப்பா குலசேகரத்துக்கு ரெண்டு கொடியாடு கொண்டு போனாரு. ஒரு மழைக்காலம் தாண்டல, குளம்பு அழுகிச்சு, சளி கட்டிச்சு.

இன்னொண்ணு. அந்த ஆட்டுக்கு மரச்சீனி (மரவள்ளி) இலையும் ரப்பர் கொழுந்தும் பழக்கம் இருக்காது. பசியோட வந்து இறங்கினதும் மரச்சீனி விளையில வாய் வச்சா முடிஞ்சது. ரெண்டுலயும் சயனைடு விஷம் உண்டு, கொஞ்ச நேரத்துல விழுந்துடும். எங்க இருந்து வாங்கினாலும் முதல் ஒரு வாரம் அவிழ்த்து விடாதீங்க.

தக்கலை ஓய்வு (கால்நடைத் துறையில ஆய்வாளரா இருந்தேன்):

அம்மா, நீங்க எழுதினதுல மூணு விஷயம் என்னை நிறுத்தி யோசிக்க வச்சது.

தாடைக்குக் கீழே மெத்துன்னு வீக்கம்னு சொன்னீங்க. நம்ம மழை நாட்டுல அது பெரும்பாலும் குடற்புழு. ஹீமாங்கஸ்னு ஒரு உருளைப்புழு ஆட்டோட நாலாவது வயித்துல ஒட்டி ரத்தம் குடிக்கும். ரத்தம் குறையக் குறைய நீர் இறங்கித் தாடையில கட்டும். அடுத்த தடவை போனா கீழ் இமையைப் பெருவிரலால இழுத்துப் பாருங்க. செம்பருத்திப் பூ நிறத்துல இருந்தா நல்ல ரத்தம். வெளுத்த ரோஸா இருந்தா பாதி, வெள்ளைத்துணி மாதிரி இருந்தா அந்த ஆடு நடக்கிறதே பெரிசு. இதுக்கு மருந்து உண்டு, காப்பாத்தலாம். ஆனா ஒண்ணுக்கு இந்த அளவு இருந்தா கூட நிக்கிற அஞ்சுக்கும் இருக்கும்னு எடுத்துக்குங்க. அதுக புழுக்கையில இருக்கிற முட்டை பொரிச்சு வர்ற இளம்புழுவை உங்க விளைப் புல்லு வாரக்கணக்கா சுமக்கும். நீங்க பரண்கூடும் தொங்கவிட்ட இலையுமா வளர்த்தா நல்லது. பனி காயாத புல்லுல மேய விட்டா சிரமம்.

காதடியில கல்லு மாதிரி கட்டி. அது நிணநீர்க் கட்டியில சீழ் வைக்கிற நோயா இருக்கலாம். உடைஞ்சு சீழ் கூட்டுல விழுந்தா மத்ததுக்கும் பரவும், மண்ணுலயும் மாசக்கணக்கா நிக்கும். அந்த ஆட்டை இலவசமாத் தந்தாலும் எடுக்க வேண்டாம்.

மூணாவதுதான் பெரிசு, குட்டி வீசினது. முட்டினதாலயும் இருக்கலாம், புருசெல்லா கிருமியால வர்ற கன்று வீச்சு நோயாலயும் இருக்கலாம். இது மனுஷனுக்கும் வரும். விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டுவலின்னு மாசக்கணக்கா இழுக்கும். வீசின குட்டி, நஞ்சுக்கொடி, ஈத்துநீர் எதையும் வெறுங்கையால தொடக் கூடாது, பாலைக் காய்ச்சாமக் குடிக்கக் கூடாது. ரத்தம் எடுத்துச் சோதிச்சாத் தெரியும். உங்க பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துல கேளுங்க, சாம்பிள் அனுப்ப வழி சொல்லுவாங்க. சினை ஆடு வீட்டுல வச்சிருக்கிற நீங்க இந்தச் சோதனை இல்லாம அந்தப் பெட்டையை ஏத்தாதீங்க.

உங்க மூணு ஆட்டைக் கொன்னது நீங்க சொல்ற அடையாளத்துக்கு ஆட்டுக்கொல்லி மாதிரிதான் இருக்கு. இந்தியாவுல இந்த நோயை முதல்ல கண்டுபிடிச்சது நம்ம தமிழ்நாட்டுலதான், 1987-ல, விழுப்புரம் பக்கம் அரசூர்ல. கிருமி உள்ள போய்ச் சாதாரணமா நாலஞ்சு நாளுல காய்ச்சல் காட்டும், பிந்தவும் செய்யும். அதனாலதான் வாங்கின அன்னைக்கு ஆடு துள்ளிக் குதிக்கும், அடுத்த வாரம் படுக்கும். ஒரு ஊசி போட்டா மூணு வருஷத்துக்குத் தாங்கும், அரசு இலவசமாப் போடுது. நீங்க முகாமுல போட்டது எந்த வருஷம்னு கணக்குப் பாருங்க. குட்டிகளுக்கு நாலு மாசம் தாண்டினாலே போடலாம், உங்களுது ஏழு மாசம். இந்தக் கூட்டத்தை வாங்கினாலும் வாங்காட்டாலும் அது முதல் வேலை. கறுப்பிக்கு நிறைசினை, அவளுக்கு இப்பப் போடலாமான்னு டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

கிழிஞ்ச காதுக்காக அந்த மனுஷனைக் குத்தம் சொல்ல மாட்டேன். வேலியில மாட்டியும் கிழியும். வில்லை இருந்தா அதுல 12 இலக்க எண் இருக்கும், அதை வச்சு ஊசி போட்ட விவரத்தைத் தேடலாம். வில்லை இல்லாத ஆட்டுக்கு அந்த வழியும் இல்ல, காப்பீட்டுப் பணமும் கிடைக்காது.

எது வாங்கினாலும் 21 நாள் தனிக்கூடு. குறைஞ்சது வீட்டோட மறுபக்கம். தண்ணிப் பாத்திரம் தனி, கயிறு தனி. முதல்ல உங்க ஆட்டுக்கு இலை போட்டுட்டு அப்புறம் புதுசுக்குப் போங்க, அதே கையோட உங்க ஆட்டுக்கிட்டத் திரும்பி வராதீங்க. தனிக்கூடு போட இடம் இல்லைன்னா வாங்கவே வேண்டாம்.

அருமனைக்காரி:

நீங்க எல்லாரும் சொன்னதைத் தாள்ல எழுதி எடுத்துட்டு இன்னைக்கு விடியக்காலம் ஆறு மணிக்கு எனக்க தங்கச்சி மகளையும் கூட்டிட்டுப் போனேன். கருங்கல் அண்ணன் சொன்ன மாதிரி பிலாவிலையும் கொண்டு போனேன்.

விக்கிறவரு ரப்பர் வெட்டப் போயிருந்தாரு. அவருக்க அம்மை மட்டும் இருந்தாங்க. எண்பது வயசு இருக்கும். நான் யாருன்னு சொன்னதும் திண்ணையில உக்கார வச்சுக் கட்டஞ்சாயா தந்தாங்க. கூட்டுல அஞ்சுதான் நின்னது. குட்டி எங்கன்னு கேட்டேன். நேத்து ராத்திரி போச்சுன்னாங்க. அப்புறம் அவங்களே சொன்னாங்க, வண்டியில வந்தது ஒன்பதாம், வந்து இன்னும் ரெண்டு வாரம் ஆகலையாம், மூணு ஏற்கெனவே செத்துதாம். "வாயெல்லாம் புண்ணு மோளே, தண்ணி கூட இறங்கல. அவன் கடன் வாங்கிப் போட்ட காசு, எப்படியாவது தலையைத் தப்பிக்கணும்னு பாக்குறான். நீ வாங்காதே"ன்னு எனக்க கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

பிலாவிலைக்கு ரெண்டு வந்துது. மூணு படுத்த இடத்தை விட்டு எழும்பல. பெரிய பெட்டைக்க கண் இமையை இழுத்துப் பார்த்தேன், சார் சொன்ன மாதிரி வெள்ளைத்துணி. அந்த ஆடு எனக்க கையை நக்கினது. அதுதான் எனக்குத் தாங்க முடியல.

வாங்கல. அந்த அம்மைக்குப் பக்கத்துலயே இருந்து கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962-க்குப் போன் பண்ணிட்டுத்தான் வந்தேன். டாக்டர் வந்து பார்க்குறதா ஏற்பாடு ஆகியிருக்கு. அதுக்குள்ள அவரு மிச்சத்தைச் சந்தைக்குக் கொண்டு போயிடக் கூடாதேன்னு அவருக்கும் போன் போட்டு அழாத குறையாச் சொல்லியிருக்கேன். முதல்ல கோபப்பட்டாரு. பிறகு, டாக்டர் வரட்டும்னாரு.

இப்ப எனக்கு வேற பயம். நான் அதே சீலையோடயும் செருப்போடயும் நேரா வந்து, ஒண்ணும் யோசிக்காம எங்க கூட்டுக்குள்ள ஏறிக் கறுப்பியைத் தடவிட்டேன். ஒரு பத்து நிமிஷம் நின்னிருப்பேன். ஞாபகம் வந்ததும் வெளியே ஓடி வந்துட்டேன். என்ன செய்யணும்? யாராவது சீக்கிரம் சொல்லுங்க.

தக்கலை ஓய்வு:

பதறாதீங்க அம்மா. ஆட்டுக்கொல்லி முக்கியமா ஆட்டுக்கு ஆடு பக்கத்துல நின்னு மூச்சு, சளி வழியாத்தான் தொத்தும். துணியில வர்ற ஆபத்து குறைவு. வெயில்லயும் காஞ்ச இடத்துலயும் அந்தக் கிருமி ரொம்ப நேரம் நிக்காது, சோப்புக்கும் தாங்காது. சீலையைச் சோப்புப் போட்டு நனைச்சு நல்ல வெயில்ல காயப் போடுங்க. செருப்புல ஒட்டின மண்ணைச் சுரண்டிட்டு பிளீச்சிங் பவுடர் கரைச்ச தண்ணியில ஊற வைங்க. கையை முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவுங்க. கூட்டுல நீங்க நின்ன பலகையையும் கழுவி விடுங்க. தங்கச்சி மகளுக்கும் இதையே சொல்லுங்க, அவங்க வீட்டுல ஆடு இருந்தா.

இன்னைக்கிலிருந்து பத்து நாள், காலையில நாலு ஆட்டுக்கும் காய்ச்சல் பாருங்க. 102-லிருந்து 103.5 வரைக்கும் இருந்தா சரி, 104-ஐத் தாண்டினா அந்த ஆட்டைத் தனியாக் கட்டிட்டு அப்பவே போன் பண்ணுங்க. குட்டிக ரெண்டுக்கும் ஊசி எப்பப் போடலாம்னு நாளைக்கே டாக்டரைக் கேளுங்க, இங்க நடந்ததை மறைக்காமச் சொல்லிக் கேளுங்க.

அருமனைக்காரி:

சரி சார். தெர்மாமீட்டர் எங்கிட்ட இல்ல, மார்த்தாண்டத்துல இருந்து சாயங்காலம் வீட்டுக்காரர் வாங்கிட்டு வருவாரு. கறுப்பி இப்ப அசை போட்டுட்டு நிக்கா. நாளைக்குக் காலையில பார்த்துட்டு இங்கேயே எழுதுறேன்.