டிரில் மெஷினில் புகை வந்துவிட்டது. நீண்ட நாள் உழைப்பதாக எதை வாங்கலாம்?

புதுவீட்டுக்காரன்
அவசர உதவி தேவை. ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் இருந்து வருகிறார்கள். அதற்குள் எல்லா ஜன்னலுக்கும் திரைச்சீலை மாட்டியாக வேண்டும். என்னிடம் இருந்த டிரில் மெஷின் இரண்டாவது துளையிலேயே புகைந்துவிட்டது. அரை அங்குலம்கூட இறங்கவில்லை. புதிதாக வாங்கப் போகிறேன், பத்து வருஷமாவது உழைக்க வேண்டும். பட்ஜெட் 5,000. 750 வாட்ஸ் போதுமா, 1,000 வேண்டுமா?

சுத்தியல்72
என்ன மெஷின், என்ன பிட் (துளைக்கிற முனை), என்ன சுவர்? மூன்றில் ஒன்றையும் சொல்லாமல் வாட்ஸ் கேட்டால் எப்படி ஐயா?

மாடித்தோட்டம்
ப்ரோ, முதலில் ஒன்று பாருங்கள். விசைக்குப் பக்கத்தில் இடமும் வலமும் தள்ளுகிற சின்ன பட்டன் இருக்கும். அது ரிவர்ஸில் இருந்தால் பிட் சுவரைத் தேய்க்குமே தவிர துளைக்காது. என் மச்சான் அரை மணி நேரம் அப்படி மல்லுக்கட்டினார். சுவரில் எட்டணா அளவுக்குப் பளபளவென்று ஒரு வட்டம்தான் மிச்சம்.

கரண்ட்தாத்தா
தம்பி, ஜன்னலுக்கு மேலேதானே போட்டீர்கள்? அங்கே லிண்டல் ஓடும். அது கான்கிரீட், உள்ளே கம்பியும் உண்டு. மெஷின்மேல் தப்பே இல்லை. கீழே விழுந்த பொடியைப் பாருங்கள். பூச்சைத் தாண்டியதும் சிவப்பாக வந்தால் செங்கல், சாம்பலாகவே வந்தால் கான்கிரீட். 40 வருஷம் வயரிங் வேலை பார்த்தவன் சொல்கிறேன், நூற்றுக்குத் தொண்ணூறு லிண்டல்தான்.

நீலப்பெட்டி
இந்தக் கேள்வி மாதம் இரண்டு முறை வருகிறது. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கிற பழக்கம்தான் யாருக்கும் வரவில்லை. சரி, இன்னொரு தடவை சொல்கிறேன்.

வாட்ஸ் என்பது மெஷின் குடிக்கிற கரண்ட், அடிக்கிற அடி அல்ல. சாதாரண இம்பாக்ட் டிரில்லில் பல் வைத்த இரண்டு வட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று உரசி நடுங்கும். நிமிடத்துக்கு 40 ஆயிரம் தட்டு என்று பெட்டியில் போட்டிருப்பான், ஒவ்வொன்றும் கொசுக்கடி. பின்னால் இருந்து நீங்கள் அழுத்தினால்தான் அதுவும் வேலை செய்யும். ரோட்டரி ஹேமரில் உள்ளே ஒரு பிஸ்டன் காற்றை அழுத்தி, அந்தக் காற்று சுத்தியலைத் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 4 ஆயிரம் சொச்சம் அடிதான், ஆனால் ஒவ்வொன்றும் அடி. அதன் அளவு ஜூல். அதைப் பார்த்து வாங்குங்கள். பாஷ் கம்பெனி மெஷினில் நீல நிறம் தொழில்முறை, பச்சை வீட்டு உபயோகம். இதுகூடத் தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள்.

மாடித்தோட்டம்
அவர் மாட்டப் போவது திரைச்சீலை சார், மேம்பாலம் கட்டப் போவதில்லை. 600 வாட்ஸ் இம்பாக்ட் டிரில்லும் நல்ல கார்பைடு முனை பிட்டும் இருந்தால் போதும். என் வீட்டில் ஒன்பது வருஷமாக அதுதான் ஓடுகிறது.

புதுவீட்டுக்காரன்
ரிவர்ஸ் இல்லை, பார்த்துவிட்டேன். மெஷினில் சுத்தியல் படம் போட்ட இடத்தில்தான், அதாவது தட்டிக்கொண்டே துளைக்கிற நிலையில்தான், வைத்திருந்தேன். மெஷின் 1,900 ரூபாய்க்கு வாங்கியது, பிட் அதே பெட்டியில் வந்தது. பொடி சாம்பல் நிறம்தான். ஆனால் தாத்தா, முதல் துளை ஜன்னலுக்கு மேலே இல்லை. ஹாலில் சாமி படம் மாட்ட நெஞ்சு உயரத்தில் போட்டேன், அங்கேயும் இதே கதை. ஓஎம்ஆரில் புது ஃபிளாட், 14வது மாடி.

சுத்தியல்72
14வது மாடி! இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாமே. சுவரை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். எங்கே தட்டினாலும் பாறை மாதிரி ஒரே சத்தமா? பூச்சே இல்லாமல் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்திருக்கிறார்களா? அப்படியானால் அது மைவான் கட்டுமானம். அலுமினிய அச்சு நிறுத்தி, சுவரையும் தளத்தையும் சேர்த்தே கான்கிரீட் ஊற்றி எடுப்பது. உங்கள் வீட்டில் செங்கல்லே இல்லாமல் இருக்கலாம்.

புதுவீட்டுக்காரன்
ஆமாம், மைவான் என்று பில்டர் சொன்னார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நீலப்பெட்டி
…

சுத்தியல்72
சம்பந்தம் அதுதான்! செங்கல் வீடாக இருந்தால் மாடித்தோட்டம் சொன்னதே போதும், நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். உங்களுக்கு ரோட்டரி ஹேமர்தான் வேண்டும். 2 ஜூல் இருந்தால் வீட்டு வேலைக்குத் தாராளம். உதாரணத்துக்கு பாஷ் ஜிபிஎச் 220 வெறும் 720 வாட்ஸ், 2 ஜூல். உங்கள் 1,000 வாட்ஸ் கணக்கு இங்கே செல்லாது. பட்ஜெட்டைத்தான் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருக்கும். பழைய பிட் இதில் சேராது, எஸ்டிஎஸ் பிளஸ் பிட் தனியாக வாங்க வேண்டும். பின்பக்கம் காடி வெட்டி இருக்கும், பிட்டை இறுக்குகிற சக் சாவி தேவையில்லை, உள்ளே தள்ளினால் ‘டக்’ என்று பிடித்துக்கொள்ளும்.

புகை வந்ததற்குக் காரணம் நீங்கள் அழுத்திய அழுத்தாக இருக்கலாம். மோட்டாரைக் குளிர்விக்கிற விசிறி அதே தண்டில்தான் இருக்கிறது. திணறி மெதுவாகச் சுற்றினால் காற்றும் குறையும், உள்ளே இருக்கிற கம்பிச் சுருள் சுடும். வார்னிஷ் கருகிய வாசனை வந்ததா? அப்படியானால் ஆர்மேச்சர், அதாவது மோட்டாரில் சுழல்கிற சுருள், போயிருக்கும். தீப்பொறி மட்டும் என்றால் கார்பன் பிரஷ் (அந்தச் சுருளுக்குக் கரண்ட் கொடுக்கிற கரித்துண்டு), மாற்றிவிடலாம். புதிதாக வாங்கும்போதும், அந்த மாடலுக்குக் கார்பன் பிரஷ் உங்கள் ஊரில் கிடைக்குமா, சர்வீஸ் சென்டர் எங்கே என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பத்து வருஷம் ஓடுமா என்பது அதில்தான் இருக்கிறது.

கரண்ட்தாத்தா
சரி, லிண்டல் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதைக் கேளுங்கள் தம்பி. அந்த மாதிரிச் சுவரில் வயர் பைப்பைக் கான்கிரீட் ஊற்றும் முன்பே உள்ளே வைத்துவிடுவார்கள். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை வேண்டாம். பிட் திடீரென்று நின்று கிறீச்சிட்டால் கம்பி. மல்லுக்கட்டாமல் ஓர் அங்குலம் தள்ளிப் போடுங்கள். துளை போட்டதும் திருகைப் பிடிக்க உள்ளே செருகுகிற பிளாஸ்டிக் ராவல் பிளக் எல்லாம் வேண்டாம், தேக்குக் கட்டை சீவி அடியுங்கள். தலைமுறைக்கும் நிற்கும்.

மாடித்தோட்டம்
கட்டையா? தாத்தா, எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள்?

கரண்ட்தாத்தா
நான் 1984-ல் அடித்த கட்டையில் இன்றைக்கும் ஃபேன் ரெகுலேட்டர் நிற்கிறது. உங்கள் பிளாஸ்டிக் இரண்டு வருஷத்தில் திருகோடு சேர்ந்து கையில் வரும்.

நீலப்பெட்டி
கையில் வருவது பிளக்கின் தப்பு அல்ல. 6 மில்லிமீட்டர் பிளக்குக்கு 8-ல் துளை போட்டுவிட்டு, பொடியையும் ஊதாமல் விடுகிறவர்களின் தப்பு. ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் நைலான் பிளக்கைக் கொண்டுவந்தது 1958-ல். நீங்கள் கட்டை சீவத் தொடங்கும் முன்பே அது வந்துவிட்டது.

கரண்ட்தாத்தா
ஜெர்மனியில் வந்திருக்கலாம். எங்கள் தெருவுக்கு வரவில்லை.

மாடித்தோட்டம்
கட்டை மழைக்காலத்தில் ஊறும், வெயிலில் சுருங்கும். கரையான் வேறு.

கரண்ட்தாத்தா
தேக்கில் கரையானா? 14வது மாடிக்கு ஏறி வருமா?

புதுவீட்டுக்காரன்
மன்னிக்கவும், தாமதம். பக்கத்து ஃபிளாட்டில் இன்டீரியர் வேலை நடக்கிறது, அவர்களிடம் ரோட்டரி ஹேமரைக் கேட்டு வாங்கினேன். எட்டுத் துளையும் கால் மணி நேரத்தில் முடிந்தது. கை வலிகூட இல்லை. திரைச்சீலை மாட்டியாயிற்று, மாமனாரும் வந்துவிட்டார். எல்லோருக்கும் நன்றி. சொந்தமாக வாங்குவதை அப்புறம் பார்க்கலாம்.

சுத்தியல்72
நல்லது. அது என்ன மாடல் என்று சொன்னால் அடுத்து இதே கேள்வியோடு வருகிறவருக்கு உதவும்.

சுத்தியல்72
புதுவீட்டுக்காரன்? மாடல்?

கரண்ட்தாத்தா
மாடல் கிடக்கட்டும். கட்டை அடித்தீர்களா, பிளக்கா?

நீலப்பெட்டி
பிளக்காகத்தான் இருக்கும்.