பாலமும் ரோடும் வந்த பிறகு தீவில் யார் பிழைக்கிறார்கள்?

தீவுக்காரன்:
புதுப் பாம்பன் ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறந்ததிலிருந்து, ராமேஸ்வரத்தில் இனி பணம் கொட்டும் என்று பலர் எழுதுகிறீர்கள். தனுஷ்கோடியைப் பாருங்கள். 2017-ல் தீவின் கடைக்கோடியான அரிச்சல்முனைக்கு ரோடு திறக்கும் வரை, முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்புறம் மணலிலும் சேற்றிலும் உள்ளூர் வேன்தான் போகும். ஆள் சேர்ந்தால் வண்டி கிளம்பும். ஓட்டுகிறவர், கூட நிற்கிற பையன், இறங்குகிற இடத்தில் சங்கு மாலை விற்கிற பெண்கள் என்று அந்தக் காசு ஊருக்குள்ளேயே சுற்றியது. இப்போது வெளியூர் கார் நேராக முனை வரைக்கும் போய், போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறது. அங்குள்ள குடிசைக்காரர்கள் மணலில் ஊற்று தோண்டி, சிரட்டையால் மொண்டு குடம் நிறைத்தவர்கள். அவர்களுக்கு என்ன மிச்சம்?

கடைவீதி:
தம்பி, வேன்காரர்கள் பிழைப்பு போனது உண்மை. ஆனால் ராத்திரியில் பிரசவ வலி வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக முடிவதும் அதே ரோட்டில்தான். அதை விட்டுவிட்டுப் பேசாதீர்கள். அப்புறம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. கோடை விடுமுறைக் கூட்டம் வருவதும் அப்போதுதான். அந்த இரண்டு மாதம் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிவது ஆட்டோவாலும் லாட்ஜ் வேலையாலும் மீன் வறுவல் கடையாலும்தான். மற்ற மாதங்களிலும், இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துவிட்டால் கடன் கழுத்தை நெரிக்கும். மகன் கரையில் சம்பாதிக்கட்டும் என்று ஒரு தாய் நினைப்பதில் என்ன தப்பு?

பாசிக்கரை:
அண்ணே, கரையில் நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பது அறை துடைக்கிற வேலை. மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-ம் 1986-ல் தேசியப் பூங்காவுக்குள் வந்தபின், கடல்பாசி எடுக்கிற பெண்கள் அங்கே இறங்கக் கூடாது என்றாகிவிட்டது. கடலைக் காக்கத்தான் என்றார்கள், சரி. அக்னி தீர்த்தக் கடலில் கழிவு கலப்பதற்கும் அதே கண்டிப்பு வேண்டாமா?

தீவுக்காரன்:
ரோட்டை மூடச் சொல்லவில்லை அண்ணே. ஆம்புலன்ஸ், அரசுப் பேருந்து, ஊர்க்காரர் வண்டி எல்லாம் போகட்டும். வெளியூர் கார் மட்டும் சத்திரத்தோடு நிற்கட்டும். அங்கிருந்து முனை வரை உள்ளூர்ச் சங்கத்தின் வேன் ஓடட்டும். கட்டணத்தைப் பஞ்சாயத்துப் பலகையில் எழுதிவைத்தால் ஏமாற்று என்ற பேச்சும் வராது.

கடைவீதி:
காரை நிறுத்தினால் பாதிப் பேர் முனைக்கே வர மாட்டார்கள். வறுவல் கடைப் பெண்கள் அந்தக் கூட்டத்தை நம்பித்தான் காலையில் மீன் எடுக்கிறார்கள். சனி, ஞாயிறு மட்டும் வேன் விட்டுப் பார்க்கலாம் என்றால் நானும் சம்மதிக்கிறேன். அதையும் அவர்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.