தாத்தாவின் ஞாபகார்த்த ஆராதனைக் குறிப்பு: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

பெரியப்பா (வெலிங்டன்), மாலை 6.10
அனைவருக்கும் ஸ்தோத்திரம். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அப்பாவுக்கான ஞாபகார்த்தக் கூடுகையை வைத்துக்கொள்ள ஆயர் சம்மதித்துவிட்டார். ஒரு பக்க அளவில் வாழ்க்கைக் குறிப்பு வேண்டுமாம். பேரன் எழுதியிருப்பதை இங்கேயே இடட்டும். குறையிருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

தம்பி (பெங்களூரு), 6.14
“1963-இல் மதராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்து, நம் வெலிங்டன் மையத்திலேயே பயிற்சி பெற்று, 28 ஆண்டுகள் பணியாற்றிச் சுபேதாராக ஓய்வுபெற்ற எங்கள் தாத்தா, 1971 போரில் காட்டிய வீரத்துக்காகப் பூர்வி ஸ்டார் பதக்கம் பெற்றவர்.” தொடக்கம் இதுதான், பெரியப்பா.

மாமா (அருவங்காடு), 6.21
மருமகனே, நடை நன்றாக இருக்கிறது; ஆனால் பதக்கத்தில் இரண்டு பிழைகள். பூர்வி ஸ்டார் கிழக்கு முனையில் இருந்தவர்களுக்குரியது. மாமனார் இருந்தது மேற்கே, பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதியில். எனவே அவருடையது பஷ்சிமி ஸ்டார். இரண்டாவது, அது தனி ஒருவரின் வீரத்துக்காகத் தரப்பட்டதன்று, அந்த முனையில் பணியில் இருந்தவர்களுக்கு அளிக்கப்பட்டது. “எனக்கும் லங்கர் சமையற்கூடத்தில் சப்பாத்தி சுட்டவனுக்கும் ஒரே பதக்கம்தான்” என்று அவரே எத்தனை முறை சொல்லியிருக்கிறார்! நாம் கூட்டி எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

தம்பி (பெங்களூரு), 6.23
மன்னியுங்கள் மாமா, திருத்திவிடுகிறேன்.

சித்தப்பா (கோவை), 6.30
பதக்கம் எதுவாகவும் இருக்கட்டும், அந்தப் போரில் ஷகர்கரில் நடந்த பசந்தர் ஆற்றுச் சண்டையை விட்டுவிடக் கூடாது. டிசம்பர் 15 இரவு ஆற்றைக் கடந்து, கண்ணிவெடி புதைத்த நிலத்தைத் தாண்டிப் போய்ச் சராஜ் சக் கிராமத்தைப் பிடித்தது அப்பாவின் 16-ஆவது மதராஸ் பட்டாலியன்தான். ஹோஷியார் சிங்கும் அருண் கேத்ரபாலும் நாட்டின் மிக உயர்ந்த போர் வீர விருதான பரம்வீர் சக்ரா பெற்றதும் அதே சண்டையில்தான். இதையெல்லாம் சபையிலுள்ள இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

பெரியப்பா (வெலிங்டன்), 6.41
தெரிந்துகொள்ளட்டும், ஒரு வரி போதும். அந்த இரவைப் பற்றி அப்பா நம்மிடம் சொன்னதே ஒன்றுதான்: ஆற்றில் நனைந்த பூட்ஸ் மறுநாளும் காயவில்லை, கால் மரத்துப்போனது. அவ்வளவோடு எழுந்து போய்விடுவார். நம் வீட்டுச் சனிக்கிழமைகளை நினைத்துப் பாருங்கள். அடுப்பங்கரைத் திண்ணையில் அத்தனை பேர் ஷூக்களையும் வரிசையாக அடுக்கி, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து, தென்மேற்கு மழைக்காலமானால் அடுப்பின் சூடு படும்படி திருப்பித் திருப்பி வைப்பார். செர்ரி பிளாசம் பாலிஷ் டப்பாவின் மூடியில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுத் துணியை வட்டமாக ஓட்டுவார். “ஈரக் காலோடு ஒருத்தரும் கோயிலுக்கு வரக் கூடாது” என்பார். ஷூ அழகுக்காகச் செய்கிறார் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

நான், 6.44
அதே துணியில் பிராசோ தொட்டுக் கோயிலின் காணிக்கைத் தட்டுகளையும் துலக்குவார், பெரியப்பா. பித்தளையில் முகம் தெரிகிறதா என்று என்னைத்தான் பார்க்கச் சொல்வார்.

சித்தப்பா (கோவை), 6.47
இதைக் கேட்டபின் நானும் பிடிவாதம் பிடிக்கவில்லை. ஆற்றுக்கு ஒரு வரி, பூட்ஸுக்கு நான்கு வரி எழுதலாம். இதற்கிடையில் ஒரு காரியம்: அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்துக்கு அப்பாவின் டிஸ்சார்ஜ் புத்தகமும் (ராணுவப் பணிவிடுப்புப் புத்தகம்) பிபிஓ (ஓய்வூதிய ஆணை) நகலும் தேவைப்படும்.

அத்தை (அருவங்காடு), 6.49
இரண்டும் டிரங்குப் பெட்டியில், கம்பளிக்கு அடியில் இருக்கின்றன, அண்ணா. வேத வாசிப்புக்கு எந்தப் பகுதி?

பெரியப்பா (வெலிங்டன்), 6.52
சங்கீதம் 91-ஐத் தவிர வேறென்ன? தினமும் இராத்திரி ஜெபத்தில் அவர் வாசித்தது அதுதானே. முழுவதையும் நானே வாசிக்கிறேன்.

அத்தை (அருவங்காடு), 7.03
அண்ணா, முழுவதையும் என்றால் ஏழாம் வசனமும் வருமே. பக்கத்தில் ஆயிரம் பேர் விழுந்தாலும் அது உன்னை அணுகாது என்கிற அந்த வசனத்தை அப்பா ஒருநாளும் சத்தமாக வாசித்ததில்லை. ஆறாம் வசனம் முடிந்ததும் சற்று நிறுத்துவார், பிறகு எட்டாம் வசனத்துக்குப் போவார். சிறுபிள்ளையாக இருந்தபோது, “அப்பா, ஒன்றை விட்டுவிட்டீர்கள்” என்று நான் விரல் வைத்துக் காட்டியிருக்கிறேன். என் விரலை எடுத்து எட்டாம் வசனத்தில் வைத்தார், கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணாடி போட்டும் எழுத்து தெரியவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா (அருவங்காடு), 7.08
அவர் பக்கத்தில் விழுந்தவர்கள் இருந்தார்கள்.

நான், 7.16
பாட்டியிடம் இப்போதுதான் கேட்டேன். தேயிலைக் கொட்டகைப் பக்கம் பார்த்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்கள்: அந்த இடைவெளியில் தாத்தா வாய்க்குள் இரண்டு பெயர்களைச் சொல்வாராம். ஒருவர் நாகர்கோவில் பக்கம், இன்னொருவர் பாலக்காடு. கல்யாணமான புதிதில் பாட்டி கேட்டபோது, “என்னோடு ஆற்றில் இறங்கியவர்கள்” என்று மட்டும் சொன்னாராம். இத்தனை வருஷமும் பாட்டியும் கூடவே சொல்லிவந்திருக்கிறார்கள்.

சித்தப்பா (கோவை), 7.19
அந்தப் பெயர்களைக் குறிப்பில் சேர்ப்போமா?

பெரியப்பா (வெலிங்டன்), 7.31
வேண்டாம். அப்பா சத்தமாகச் சொல்லாததை நாம் ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டியதில்லை. ஆறாம் வசனம் முடிந்ததும் நான் நிறுத்துகிறேன். அம்மா முன்வரிசையில்தான் உட்காருவார், அவர் சொல்லி முடித்துத் தலை நிமிர்ந்த பிறகு எட்டாம் வசனத்தைத் தொடங்குகிறேன். ஆயரிடம் இதை நானே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இடம் தவறிவிட்டதென்று அவர் எடுத்துக் கொடுக்க வந்துவிடுவார்.

தம்பி (பெங்களூரு), 7.34
சரி, பெரியப்பா. நான் சனிக்கிழமை மதியமே வந்துவிடுவேன். ஷூ வேலையை எனக்கு விட்டுவிடுங்கள்.

அத்தை (அருவங்காடு), 7.36
டப்பா அடுப்பங்கரை மேல்தட்டில் இருக்கிறது. துணியையும் நான் தோய்க்காமல் அப்படியே வைத்திருக்கிறேன்.